என் காதுக்கும் டாக்டருக்கும் நடுவில் உன் அப்பா

அன்புச் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பொடியனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பொடியனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் இதற்குள் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம், அந்த அளவில் நலம்தான். அதற்கு மேலே நலமா என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் உன் குரல் எனக்கு இன்னும் பாதிதான் பிடிபடுகிறது, வீடியோவில் கூப்பிட்டால் என் தோளுக்குப் பின்னால் உன் அப்பாவின் முகம் வந்து நின்றுகொள்கிறது, நீயும் பழக்கதோஷத்தில் என்னை விட்டுவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் தலையை நீட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன், நீயும் பொடியனைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

போன வாரம் நீ ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாய், "அம்மா, அப்பா பயத்துல பண்ணிட்டார், அதை இவ்வளவு பெருசாக்கணுமா, பாவம், ரொம்ப மெலிஞ்சு போயிட்டார்" என்று. அவர் மெலியவில்லை, தாடியை எடுத்துவிட்டார், அதனால் உனக்கு அப்படித் தெரிகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்குத் தெரிந்தது அவர் சொன்ன கதை, சின்ன வயதிலிருந்தே நீ அப்பா செல்லம், அவர் சொன்னால் உனக்கு மறுபேச்சு கிடையாது. என் வாயால் நீ இதை முழுசாகக் கேட்டதே இல்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், தெரிந்தது வந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் டாக்ஸி கம்பெனியில் வண்டி அனுப்புகிற அறை உனக்கு ஞாபகம் இருக்கும், ஜன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்க ஊர் மேப், நாலு பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிரைவர்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஒரு செருமலில் யார் என்று கண்டுபிடித்துவிடுவேன். அப்படி இருந்த எனக்கு ஒரு நாள் இடது காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி அடைத்துக்கொண்டது, கூடவே பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். மூலைக் கிளினிக் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "சளிதான், சொட்டு மருந்து விடுங்க" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் வலது காதும் அதே வழியில் போனது. இதில் கொடுமை என்னவென்றால் ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் சுத்தமாகக் கேட்காது, அப்புறம் மறுபடி கொஞ்சம் வரும். அதனால் நான் நடிக்கிறேன் என்று ஆகிவிட்டது. எங்கள் முதலாளியைத்தான் தெரியுமே, திட்டும்போதுகூடப் பல்லைக் காட்டுகிறதால் எல்லோரும் சிரிப்பு முதலாளி என்று கூப்பிடுவோம், அந்த ஆள் எல்லோர் முன்னாலும், "இவங்களுக்கு வேணுங்கறப்ப மட்டும் கேக்குது" என்று சொன்னாராம், பக்கத்து சீட்டுக்காரி பிறகு எழுதிக் காட்டினாள். ஒரு பெரியவரை ரயிலடியில் இறக்கிவிட வேண்டிய வண்டியை நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பின அன்றைக்கு என் ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், என்னைப் பின்னால் வண்டி கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மறதிச் சாமான் அறைக்குத் தள்ளினார்கள். வண்டியில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிறதெல்லாம் அங்கேதான் வரும். நீ நினைக்கிற மாதிரி குடையும் பையும் மட்டும் இல்லை. டிஷ்யூவில் சுற்றின பல்செட், பால் திரிந்து மூடி உப்பின குழந்தை பாட்டில், ஒற்றைச் சாக்ஸ், ஈரமான ஜிம் பை, ஒரு தடவை யாரோ வாந்தி எடுத்து முடிச்சுப் போட்டுச் சீட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. அதற்கெல்லாம் நான் சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தேன். காதுதான் போயிற்றே, மூக்கும் போயிருந்தால் தேவலை என்று இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் காது டாக்டர் அம்மாதான் கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உள்காதை யாரோ எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்குகிற வியாதியாம், அபூர்வமாக வருமாம், ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும் என்றார்கள். மாத்திரை போட்டதும் அடங்கியது, நான் குழாய்ச் சொட்டுகூடக் கேட்கிறது என்று துள்ளினேன், அளவைக் குறைத்ததும் போய்விட்டது. மறுபடி கூட்டினார்கள், வந்தது, குறைத்தார்கள், போனது. செவிப்பறை வழியாக ஊசிகூடப் போட்டார்கள். என் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது, பசி அடங்காது, தூக்கம் கிடையாது, கழுத்தெல்லாம் வேர்வை நாற்றம், கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எனக்கே பிடிக்காது. கடைசியில் எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஒன்றும் திரும்பி வரவில்லை. வலது காதில் மட்டும் கதவை அறைந்து சாத்தினால் ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கும், இடது காது கல். நடுநடுவில் தலை சுற்றும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாந்தி எடுப்பேன். உன் அப்பா பக்கெட்டை எடுத்து வந்து முகம் சுளிக்காமல் துடைப்பார், என் வாயைக் கழுவிவிடுவார், தலையைத் துவட்டிவிடுவார். இதை நான் மறைக்கவில்லை, நீ நாளைக்கு என்னிடம் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் அப்படிச் செய்தார். செய்துகொண்டே மற்றதையும் செய்தார்.

மற்றது என்ன என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என் காதாக அவர்தான் கூட வந்தார். டாக்டர் அம்மா மாஸ்க் போட்டிருப்பார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வழி கிடையாது, அவர்களும் கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். கேட்காத ஆளிடம் பேசுவதைவிடக் கேட்கிற ஆளிடம் பேசுவது எல்லோருக்கும் சௌகரியம். அவர்கள் இரண்டு பேரும் பேசுவார்கள், நான் நடுவில் மேஜை மேலே இருக்கிற பிளாஸ்டிக் காது பொம்மையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்ததும் அவர் போனில் டைப் செய்து காட்டுவார், "மாத்திரையையே தொடரச் சொல்றாங்க, பொறுமையா இருக்கணுமாம், வேற வழி இல்லையாம்." ஒவ்வொரு தடவையும் இதேதான். ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று நான் வாயைத் திறந்து கேட்டேன், உனக்கு அது ஒத்துவராதாம் என்று டைப் செய்தார். நான் நம்பினேன். யாரை நம்பாமல் இருப்பேன், சொல். நீ போன விடுமுறையில் வந்தபோது என் போனில் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுகிற ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தாயே, அதைக்கூட நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன் என்றபோது, "அது தப்புத் தப்பா எழுதும், நான்தான் கூட இருக்கேனே" என்று சொல்லி வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டார்.

அப்புறம் ஒரு தடவை அவருக்குக் கடுமையான ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை. செக்கப்பைத் தள்ளிப் போட்டுவிடலாம் என்று கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை, தனியாகப் போனேன், டாக்டர் அம்மா முன்னால் போனை நிமிர்த்தி வைத்து ஆப்பைத் திறந்து வைத்தேன். ஆரம்பத்தில் அது உளறியது, காக்ளியர் என்று அவர்கள் சொன்னதைக் காக்கா லேயர் என்று எழுதியது, நானே சிரித்துவிட்டேன். அதற்கு அடுத்த வரி வந்தது, "ஆபரேஷன் வேண்டாம்னு இன்னும் உறுதியாத்தான் இருக்கீங்களா?" இதையும் உளறல் என்றுதான் நினைத்தேன். மறுபடி சொல்லச் சொன்னேன். அதே வரி மறுபடி வந்தது. நான், "வேண்டாம்னு யார் சொன்னது?" என்று கேட்டேன், எனக்கே என் குரல் கேட்காததால் எவ்வளவு சத்தமாகக் கேட்டேனோ தெரியாது, நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டாக்டர் அம்மா மாஸ்க்கைக் கழற்றினார்கள். போனில் வரி வரியாக வந்தது, "நீங்கதானே. உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட திரும்பிக் கேப்பார், நீங்க இல்லைன்னு தலையாட்டுவீங்க, அவ வேண்டாங்கறான்னு அவர் சொல்வார்."

சின்னு, அவர் என்னிடம் திரும்பிக் கேட்டது உண்மை. தலையை அருகில் கொண்டுவந்து, கையை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து, வாயை நன்றாக அசைத்து என்ன கேட்பார் தெரியுமா? "வலிக்குதா?" அவ்வளவுதான். எனக்கு வலி இல்லை, இந்த வியாதியில் வலி கிடையாது. நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் திரும்பி டாக்டரிடம், வேண்டாம் என்கிறாள் என்று சொல்வார். என் தலையாட்டலையே எடுத்து என் பதிலாகச் செய்துவிட்டார். கேட்காத காதில் பூ சுற்றுவது எவ்வளவு சுலபம் பார். டாக்டர் அம்மாவிடமும் சொன்னேன், "இத்தனை மாசமா என் காதைப் பத்தி என் புருஷன் முகத்தைப் பாத்துப் பேசியிருக்கீங்க, ஒரு தடவை ஒரு பேப்பர்ல எழுதி என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம் இல்லையா?" அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அது போனில் சரியாகத்தான் எழுத்தாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றையும் விடாமல் விளக்கினார்கள். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒன்று இருக்கிறதாம், அதில் ஒலியைப் பிடிக்கிற மெல்லிய ரோமங்கள்தான் செத்திருக்கின்றன, பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு நன்றாக இருக்கிறது, ஓட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி நரம்பை நேராகத் தட்டி எழுப்புகிறதுதான் காக்ளியர் இம்ப்ளாண்ட், எனக்கு அது நன்றாக ஒத்துவரும், செலவை இன்சூரன்ஸ் ஏற்கிறது. ஆனால் இந்த வியாதியில் உள்ளே புண்பட்ட இடத்தில் நாளாக நாளாகத் தழும்பு கட்டும், சிலருக்கு எலும்பே வளர்ந்து அடைத்துவிடும், அப்புறம் கம்பி உள்ளே போகாது, அதனால்தான் சீக்கிரம் சீக்கிரம் என்று ஒவ்வொரு தடவையும் உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சீக்கிரம் என்ற அந்த வார்த்தை என்னிடம் வந்து சேரவே இல்லை.

அவர் ஜுரம் தணிந்து கடைக்குப் போன அன்றைக்கு நேராகக் கடைக்கே போனேன். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் எப்படிப் பேசுவார் என்று உனக்குத் தெரியும், கண்ணில் புரை வளர்ந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுவார், "உங்க கண்ணு, உங்க இஷ்டம், ஆனா அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்பார். அப்போதும் ஒரு அம்மாளுக்கு அந்தக் கனமான டெஸ்ட் ஃபிரேமை மாட்டி லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா எது தெளிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை கவுன்டர் மேல் வைத்து, "பேசுங்க, எழுத்து வரும்" என்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. முதலில், "டாக்டர் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க" என்று வந்தது. நான் போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அப்புறம், "தலையில ஓட்டை போடுவாங்களாம், நீ மேஜையிலயே போயிட்டா நான் என்ன பண்ணுவேன், எனக்கு யார் இருக்கா" என்று வந்தது. பார், அதிலும் எனக்கு யார் இருக்கா. அதற்கும் கீழே, "ஐயோ பாவம் அந்தப் பொம்பளை" என்று ஒரு வரி வந்தது, அது டெஸ்ட் ஃபிரேம் மாட்டியிருந்த அம்மாள் சொன்னது. யாரைச் சொன்னாரோ, என்னைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும், நீ வர முடியவில்லை, அதில் எனக்குக் குறை இல்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வருவாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இடது காதைத் திறந்து பார்த்தபோது உள்ளே தழும்பு கட்ட ஆரம்பித்துவிட்டிருந்தது. கம்பி முழுசாகப் போகவில்லை, கடைசிப் பகுதி வெளியிலேயே நின்றுவிட்டது. கேட்கும், ஆனால் முழுசாகப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். புண் ஆறினதும் காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டுகிற மிஷினை வைத்து ஓடவிட்டார்கள், அந்த முதல் சத்தத்தைக் கேட்டு நான் ஆனந்தக் கண்ணீர் விடுவேன் என்று நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்தீர்கள். உண்மையைச் சொன்னால் அருவருப்பாக இருந்தது. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி, எலி கத்துகிற மாதிரி, எல்லோர் பேச்சும் கீச்கீச்சென்று ஒரே மாதிரி. சாப்பாட்டு மேஜையில் உன் அப்பா மென்று விழுங்குகிறது சேற்றில் கால் வைத்து இழுக்கிற மாதிரி கேட்டது, தட்டை எடுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மூளை பழகிக்கொள்ளும், தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், நல்ல பெண், என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். வீட்டில் ஒருவர் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்தான்.

நான் ஒத்துக்கொண்டேன். மன்னித்து அல்ல, எனக்குக் காது வேண்டும், அதனால். ஒற்றைக் கண்ணை மறைத்துச் சோதிக்கிற கறுப்பு மட்டை ஒன்று கடையில் இருக்குமே, அதைக் கொண்டுவந்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்காருவார். கதவைச் சாத்து, மழை வரப்போகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, இப்படிச் சொல்வார். கதவைத் தவளை என்பேன், மழையை மணி என்பேன், அவர் பொறுமையாகத் திரும்பச் சொல்வார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கீச்சுச் சத்தம் இறங்கி இறங்கி மனுஷக் குரல் மாதிரி ஆனது, இன்னும் கொஞ்ச நாளில் அது உன் அப்பா குரல் மாதிரியே ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நன்றாக வந்துகொண்டிருந்தது, வரிசையாக எல்லாம் சரி. திடீரென்று கண்ணைத் தாழ்த்தினார், மட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. நான் என்ன ஏது என்று யோசிக்காமல் பழக்கத்தில் திருப்பிச் சொன்னேன், "உனக்குக் கேக்காம இருந்தப்ப இந்த வீடு எனக்கு நிம்மதியா இருந்துச்சு." ஒரு எழுத்து பிசகவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே உறைத்தது. "சரியா சொன்னேனா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு மீதியையும் சொன்னார், எனக்கு எல்லாம் கேட்டது. "முதல் தடவை பயத்துலதான் சொன்னேன், சத்தியமா. அப்புறம் அப்படியே பழகிடுச்சு. நீ ஒண்ணும் கேக்கல. ஏன் லேட்டு, யார் போன்ல, எதுக்கு இப்படி செஞ்சீங்கன்னு ஒரு கேள்வி இல்ல. நாம சண்டையே போடல. நான் சொன்னதுதான் பேச்சா இருந்துச்சு. அது எனக்குப் பிடிச்சிருந்தது." கேட்க முடியாதவள் கேள்வியும் கேட்க மாட்டாள், அந்த வசதிக்காக என் காதுக்குள் தழும்பு கட்டுகிற வரைக்கும் விட்டு வைத்திருக்கிறார். நான் எழுந்து குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். பல் தேய்த்தேன். அந்த வாக்கியம் என் நாக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அதை என் வாயாலேயே சொல்ல வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைத்தான் நீ பயத்தில் செய்தது என்கிறாய். உன் அத்தையும் அதையேதான் சொன்னாள், தம்பிக்காக வக்காலத்து வாங்க வீடு தேடி வந்து, "ஆம்பளைக்கும் பயம் இருக்காதா, ஒரு வருஷம் உன் வாந்தியை எடுத்தவன், அதை நினைச்சுப் பாரு" என்றாள். நினைத்துப் பார்த்தேன், அதனால்தான் குமட்டுகிறது. வாந்தியை எடுத்த அதே கை, காதுக்குப் பக்கத்தில் வந்து வலிக்குதா என்று கேட்ட அதே கை. கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்குச் சுலபம். கோபம் என்றால் நாலு நாள் கத்தினால் தீர்ந்துவிடும், நான் கத்தத் தெரியாதவள் இல்லை. இது கோபம் இல்லை, பாதி சாப்பிட்ட பிறகு தட்டில் முடியைப் பார்த்த மாதிரி. சாப்பாட்டின் மேல் குற்றம் இல்லை, பசியும் இருக்கிறது, ஆனால் அடுத்த வாய் இறங்க மாட்டேன் என்கிறது. அவர் வருந்துகிறார், நான் பார்க்கிறேன். அறைக்குள் வருவதற்கு முன்னால் கதவைத் தட்டுகிறார், எனக்குக் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தட்டுகிறாரா, மரியாதைக்குத் தட்டுகிறாரா, அதுகூட எனக்கு இப்போது சந்தேகம். வீட்டை விட்டுப் போகப்போகிறேனா என்று நீ பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். இப்போதைக்கு இல்லை. நீ இருந்த அறையில் படுத்துக்கொள்கிறேன், உன் பழைய மேஜையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு என்ன என்று எனக்கே தெரியாது, நீ அதை என்னிடம் அவசரப்படுத்தாதே, மன்னித்துவிடு என்று சொல்லவும் சொல்லாதே, அது மாத்திரை மாதிரி அளவைக் கூட்டிக் குறைத்து வரவழைக்கிறது இல்லை.

பயிற்சிக்கு இப்போது வேறு ஆள் பிடித்துவிட்டேன். கூட்டம் குறைவான மத்தியான நேரத்தில் என் பழைய சீட்டில் உட்கார பக்கத்து சீட்டுக்காரி இடம் கொடுக்கிறாள். டிரைவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தெருப் பெயரைச் சொல்ல நான் திருப்பிச் சொல்கிறேன், தப்பாகச் சொன்னால் லைனில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், அவர்கள் சிரிப்பில் விஷம் இல்லை. சிரிப்பு முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "மிஷின் காதை நம்பி வண்டியை அனுப்ப முடியுமா" என்றார். "உங்க காது நல்ல காதுதானே, நான் சொன்னது ஏதாவது அதுல ஏறிச்சா?" என்று கேட்டேன். போய்விட்டார். ஹெட்போன் இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை, காலையில் அந்த நாற்றம் பிடித்த அறைதான், ஆனால் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். மிச்சம் இருந்த வலது காதும் போய்விட்டது, கதவை அறைந்தாலும் அதிர்வு இல்லை. நேற்று ஸ்கேன் ரிசல்ட்டுக்காக டாக்டர் அம்மாவிடம் போனேன். உன் அப்பாவும் வந்தார், வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அறைக்கு வெளியே பெஞ்சைக் காட்டி, "இங்க உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். உள்ளே நானும் டாக்டர் அம்மாவும் மட்டும். போனைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அவர்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்கள், எனக்குக் கேட்டது. வலது காதில் இன்னும் தழும்பு இல்லை, வழி திறந்தே இருக்கிறது, இப்போது செய்தால் கம்பி முழுசாகப் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். தலைசுற்றல் கூடுமா என்று கேட்டேன், கொஞ்ச நாளைக்குக் கூடலாம் என்றார்கள். நாக்கில் ருசி மாறுமா என்று கேட்டேன், சிலருக்கு மாறும், பெரும்பாலும் திரும்ப வந்துவிடும் என்றார்கள். நடுவில் ஒரு வார்த்தை புரியவில்லை, மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னார்கள். கேள்வி எல்லாம் தீர்ந்த பிறகு, "உங்க முடிவு என்ன?" என்று கேட்டார்கள். என்னைத்தான் கேட்டார்கள். "செஞ்சிடுங்க" என்றேன். அடுத்த மாதம் செய்யப்போகிறார்கள்.

வெளியே வந்ததும் உன் அப்பா எழுந்து நின்று, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் அங்கேயே நின்று டாக்டர் அம்மா சொன்னது முழுவதையும் சொன்னேன், ஸ்கேன், கம்பி, தலைசுற்றல், ருசி, என் பதில், எல்லாம். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை, அவருக்குப் பயம் தருகிற இடத்தைக்கூட அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டே அழுதார். நான் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

உனக்கு இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். உன் காதில் எப்போதாவது அடைப்போ இரைச்சலோ வந்தால் சளி என்று விட்டுவிடாதே, அன்றைக்கே பெரிய டாக்டரிடம் போ, இந்த மாதிரி வியாதிகள் சில குடும்பங்களில் திரும்ப வரும் என்கிறார்கள். உன்னைப் பற்றின எதையும் யாரும் உனக்காகத் தலையாட்ட விடாதே, உன் வீட்டுக்காரர் நல்லவர்தான், இருந்தாலும் சொல்கிறேன். பொடியனுக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, இனிமேல் நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் அப்பாவைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு, மெதுவாகப் பேசு, புரியாவிட்டால் நான் மறுபடி கேட்பேன், சலிக்காமல் சொல்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கிற
அம்மா